எந்த கேஸு, நைனா?

அம்புரோஸ் இறந்த முப்பதாம் நாள். ராயபுரம் கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தவர்கள் எர்ணாவூர் வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்த மனுசனைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பு வந்தே தீரும். அழுதுகொண்டே பேசினால் அது வேறு ஏதோ அம்புரோஸ் என்று அர்த்தம்.

துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர், பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் ரிட்டயர் ஆன நாள் கதையைச் சொன்னார். முப்பத்தெட்டு வருசம் கிரேன் ஓட்டியவர் அம்புரோஸ். மாலையைப் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்களாம்.

"முப்பத்தெட்டு வருசம் மேல குந்திக்கினு உங்க தலையத்தான் பாத்துக்கினு இருந்தேன். இந்த ஆர்பர்ல எவனுக்கு எப்போ சொட்டை வுயுந்துச்சுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்றாராம். மேடையில் இருந்த பெரிய அதிகாரி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் சொம்போடு நின்ற மகள் ஜானட் சிரிக்கவில்லை. வெளியே வாசல் படியில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி ஃப்ரெடியும் சிரிக்கவில்லை. ஃப்ரெடி, அப்பனைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தான். அது அப்படி இல்லை என்று ஜானட்டுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அம்புரோஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்மண்டபத்துப் பக்கம். ரிட்டயர் ஆனதும் கம்பெனிகளுக்கு நடுவே எர்ணாவூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். "இந்த நாத்தத்துல போயி வூடு கட்றியே, உனக்கு மூக்கு கீதா இல்லியா?" என்று தோஸ்துகள் கேட்டார்கள். "இருந்துச்சு, ஆர்பர்ல கரித்தூளு போயி அட்ச்சுக்கிச்சு" என்றார். மகள் ஜானட்டைக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கையூரில் கட்டிக்கொடுத்தார். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "உங்க பக்கம் குப்பை நாத்தம், எங்க பக்கம் கம்பெனி நாத்தம். சம்பந்தின்னா இப்டி சரிசமமா இருக்கணும்" என்பார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாப்பிள்ளை மேத்யூ சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவான்.

ஆறு வருசத்துக்கு முன்னால் அவர் பெண்சாதி அடைக்கலமேரி போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுது ஜானட் பார்த்தாள். அதிலும் குழியில் மண் தள்ளும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டே குழி வெட்டியவனிடம், "மெதுவா போடு நைனா. அவளுக்கு தூசி ஆவாது. அப்புறம் என்னத்தான் திட்டுவா" என்றார். அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் பாதி சிரித்துவிட்டது. இப்படி ஒரு மனுசன்.

அந்த வீட்டின் வாசல் கதவு பகலில் மூடிப் பார்த்தவர்கள் கிடையாது. கதவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார். ஃப்ரெடியின் மகள் அனிஷா பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு மட்டும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "யாரு? இன்னா ஓணும்? பால்காரனா இருந்தா போன மாசமே தண்ணிய குட்த்தாச்சு" என்று உள்ளிருந்து குரல் வரும். அனிஷா வெளியே நின்று அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். ஒன்பதாவது படிக்கிற பெண், தாத்தாவுக்கு எதிர்வார்த்தை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வருவாள்.

இன்னொன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துக் காற்றில் வாரத்துக்கு ஒரு தரமாவது ஏதாவது ஒரு வாடை வரும். கண் எரியும், தொண்டை கமறும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. தெருவில் யாராவது "கேஸு! கேஸு!" என்று கத்தினால் அம்புரோஸ் நாற்காலியில் இருந்தபடியே, "எந்த கேஸு?" என்று திருப்பிக் கத்துவார். "நம்ம ஏரியாவுல நாலு கேஸு கீது. கம்பெனி கேஸு, அடுப்பு கேஸு, வயித்து கேஸு, போலீஸ் கேஸு. எந்த கேஸுன்னு சொன்னாத்தானே எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியும்?"

இது அந்த வீட்டில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. யார் வாயிலிருந்து கேஸ் என்ற வார்த்தை வந்தாலும், "எந்த கேஸு?" என்று கேட்டே ஆக வேண்டும். மருமகள் ஆன்சி சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் கேட்பார்கள். போனில் பேசினாலும் கேட்பார்கள். பத்து வருசத்துக்கு மேலாகக் கேட்டார்கள். ஒரே ஒரு நாள் ஒரே ஒருத்தி கேட்கவில்லை.

அந்த நாளுக்கு முந்தின நாள் திங்கட்கிழமை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, இரண்டு லாரிகளுக்கு நடுவே எழுபத்து மூன்று வயது அம்புரோஸ் தன் பழைய டிவிஎஸ் வண்டியை நுழைத்து ஓட்டிக்கொண்டு போவதை, கம்பெனி வேனில் வந்த ஃப்ரெடி பார்த்துவிட்டான். பார்த்த மகனுக்குக் கையை வேறு ஆட்டினார் பெரியவர். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஃப்ரெடி. லாரிச் சக்கரத்தில் மாட்டினவர்கள் எப்படிக் கிடப்பார்கள் என்று கண்ணால் கண்டவன். வீட்டுக்கு வந்து சாவியைப் பிடுங்கினான்.

"ரெண்டு லாரிக்கும் நடுவுல நல்லா நிழலா இருந்துச்சுப்பா" என்றார் அம்புரோஸ்.

அவ்வளவுதான். ஃப்ரெடிக்குத் தலைக்கேறிவிட்டது. "இன்னும் எத்தினி நாளைக்கு உன் ஜோக்குக்கு சிரிக்கிறது? வயசாச்சு இல்ல? வாய மூடிக்கினு, கதவ மூடிக்கினு வூட்ல கெட!" என்று தெரு அதிரக் கத்தினான். அம்புரோஸ் எழுந்து உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டு மீன்காரி பச்சையம்மா தன் வாசலில் நின்று முழுவதும் கேட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குப் பச்சையம்மா வழக்கம்போல் ஒரு கை நெத்திலியை இலையில் கட்டிக்கொண்டு வந்தாள். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கோபத்தில் படுத்திருக்கிறார் போல, எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

நாலரைக்கு அனிஷா வந்தாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தாத்தா இன்றைக்குப் புதிதாக ஏதோ விளையாட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தாள் பாவி மகள். பத்து நிமிசம் வாசலில் நின்று, யோசித்து வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பயந்துபோய்ப் பச்சையம்மாவைக் கூப்பிட்டாள். ஜன்னலை உடைத்துப் பார்த்தபோது அம்புரோஸ் கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாய் சும்மா இராமல் சொன்னார்: மாரடைப்பு வந்தும் ரெண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும், யாராவது கண்ணில் பட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

பிணத்தைக் கொண்டுவந்து போட்டதும் பச்சையம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "கதவு தெறந்திருந்தா நான் பாத்திருப்பேனே! மூடிக்கினு கெடன்னான் புள்ள. மூடிக்கினு கெடந்துட்டாரே அப்பன்!"

ஒப்பாரியில் வந்த வார்த்தைதான். யாரையும் குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான். தெரு பிடித்துக்கொண்டது. அனிஷா அப்பனை நிமிர்ந்து பார்த்து, "நீதானே சொன்ன?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அதற்கப்புறம் அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு அம்புரோஸ் மகளுக்குப் போன் பண்ணினார். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள் ஜானட். கல்யாண சீசன். கவுன்ட்டருக்கு முன்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. முதலாளி பார்க்காமல் குனிந்து போனைக் காதில் வைத்தாள்.

"ஜானும்மா... கேஸும்மா. தாங்கல" என்றார்.

அன்று காலையில்தான் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஆன்சி, எர்ணாவூரில் மறுபடி வாடை வருகிறது என்று போட்டிருந்தாள். ஜானட் அதைப் படித்திருந்தாள்; கொஞ்ச நேரத்தில் அது அடங்கிப்போனது அவளுக்குத் தெரியாது. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"ஆமா நைனா, குரூப்ல பாத்தேன். ஜன்னலெல்லாம் சாத்து. கதவையும் தாப்பா போட்டுக்க. ஈரத்துணி மூக்குல வச்சிக்கினு படு. மத்தியானம் பேசறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "எல்லாத்தையும் சாத்திட்டா... நான் வுடுறது எப்டிம்மா வெளிய போவும்?" என்றார். ஜானட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்த மாதிரி இருந்தது. "சரிம்மா. நீ கடைய பாரு" என்று வைத்துவிட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுசன்? வலியையும் வாயுத் தொந்தரவு என்றுதான் அவர் நினைத்தார் போலும். நம் ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன்கூட கேஸ் பிடித்துக்கொண்டது என்றுதானே சொல்கிறான். சோடா குடித்தால் சரியாகும் என்கிறான். மகள் பதில் தப்பாக வந்தபோதாவது, அது இல்லம்மா இது என்று திருத்தியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் வேடிக்கை பேசிய வாய்க்கு அந்த நேரத்தில் நேராகப் பேச வரவில்லை. மகள் சொன்னாளே என்று எழுந்து போய், ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தி, கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்.

"காலைல கூட சிரிச்சு பேசினாரே" என்று சாவு வீட்டில் எல்லாரிடமும் சொல்லி அழுதாள். அது பொய்யில்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டு, மாமியாரோடு போட்ட சண்டை, பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் விட்ட ஞாயிறுகள் எல்லாவற்றையும் சொன்னாள். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பத்தாம் நாள் ஃப்ரெடி தலையில் தலையில் அடித்துக்கொண்டு, "நாந்தான்க்கா கொன்னுட்டேன்" என்று அவள் மடியில் விழுந்தபோது, "அப்டியெல்லாம் சொல்லாத" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இப்படியே முப்பது நாள் ஓட்டிவிட்டாள்.

முப்பதாம் நாள் பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு, அனிஷா உள்ளறையிலிருந்து ஒரு துணிப் பையையும் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு வந்து ஜானட் முன்னால் வைத்தாள்.

"அத்த, நானும் உங்கூட வரேன். இனிமே கொடுங்கையூர்லயே இருக்கேன். ஸ்கூலுக்கு அங்கருந்தே பஸ்ல போறேன்."

"இன்னாடி இது?"

"இங்க இருக்க முடியல. நீதான் தாத்தாகிட்ட கடைசியா நல்லபடி பேசின. நீ மட்டும்தான்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆன்சி திரும்பிப் பார்க்காமல் அழுதாள். "கூட்டிக்கினு போங்க அண்ணி. இதுங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் செத்துடுவேன் போல கீது" என்றாள்.

புள்ளையை அப்பனிடமிருந்து பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டு போவதா? அதுவும் நானா? மாதாவே என்று ஜானட் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஃப்ரெடி படியில்தான் இருந்தான். முகம் மழிக்காமல், கண் உள்ளே போய், நாற்பது வயதுக்காரன் அறுபது போல இருந்தான். அக்கா வருவதைப் பார்த்து அவனே பேசினான்.

"கேட்டுச்சு. கூட்டிக்கினு போக்கா. அவளாவது நல்லா இருக்கட்டும்."

"ஃப்ரெடி, நைனா உம்மேல கோவத்துல கதவ மூடல."

"வுடுக்கா. எத்தினி தபா இதே ஆறுதல சொல்லுவ?"

"ஆறுதல் இல்லடா. நான்தான் மூட சொன்னேன்."

அவன் தலையைத் தூக்கினான். அவள் நின்றபடியே சொன்னாள். போன் வந்த நேரம், கூட்டம், குரூப்பில் படித்தது, ஜன்னலைச் சாத்து, கதவைத் தாழ்ப்பாள் போடு என்றது, அவர் சொன்னது, தான் சிரித்தது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது.

ஃப்ரெடி அடிக்கவில்லை.

"மூட சொன்னது தப்பில்லக்கா. அந்த வாடைக்கு நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். யாரும் அதத்தான் சொல்லுவாங்க." "ஆனா முப்பது நாளு இங்க தலைல அட்ச்சிக்கினு கெடந்தேனே. அத பாத்துக்கினே எனக்கு காபி கலக்கி குட்த்தியே. அது எப்டிக்கா முடிஞ்சுது உன்னால?"

பயமா இருந்துச்சுடா என்று சொல்ல ஜானட் வாயெடுத்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போய் அவகிட்ட சொல்லு."

உள்ளே அனிஷா செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். ஜானட் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னாள். முடிந்ததும் அனிஷா ஒன்று கேட்டாள்.

"தாத்தா கேஸுன்னு சொன்னதும், எந்த கேஸுன்னு நீ கேக்கலியா?"

"கேக்கல."

"எப்பவும் கேப்போமே அத்த."

"கேப்போம். அன்னிக்கு கேக்காம வுட்டுட்டேன்டி செல்லம். கூட்டமா இருந்துச்சு. எனக்கு தெரியும்னு நெனச்சிட்டேன்."

அனிஷா தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். ஜானட் அவள் தலையைத் தடவப் போனாள். அந்தப் பெண் தலையைச் சாய்த்து விலகிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் போட்டுவிட்டு வந்து, அத்தையைத் தாண்டி வெளியே போனாள்.

"டாடி, தள்ளி குந்து" என்று அவள் குரல் படியிலிருந்து கேட்டது.

பதிலுக்கு ஃப்ரெடி என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் அழுவது மட்டும் கேட்டது. அடுப்பங்கரையில் ஆன்சி குழாயை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜானட் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, தன் பையை எடுத்தாள். தெருவுக்கு இறங்க அந்தப் படியைக் கடந்துதான் போக வேண்டும். அப்பனும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நான் கெளம்பறேன்" என்றாள் ஜானட். அனிஷா ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஃப்ரெடிதான் காலை மடக்கி வழி விட்டான்.